மூன்று வீட்டுத் தூரம்

மாரிச்செல்வி செத்த பதினேழாம் நாள் காலையில், அவள் வீட்டு வாசல் புழுதியில், அவளுடைய காலடிகள் நடைப்படியிலிருந்து தெருவை நோக்கிப் புறப்பட்டிருந்தன. அதை எதிர்வீட்டிலிருந்து பார்த்துவிட்டு, வாளியில் மீதமிருந்த தண்ணீரை என் வாசலுக்குத் தெளித்து, கோலத்தையும் போட்டு முடித்து, அப்புறம்தான் போய் அவள் அம்மாவை எழுப்பினேன், ஏனென்றால் எந்த வேலையையும் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

அவள் அம்மா சண்முகக்கனி எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். வெறுங்கால். பெருவிரலைவிட நீண்ட இரண்டாம் விரல். வலது காலில் சுண்டுவிரல் தரையில் படவே இல்லை. எங்கள் பண்டாரக் கிணற்றுத் தெருவில் இருபத்திரண்டு வீட்டுக் கோலத்தையும் மிதித்து அழித்து, இருபத்திரண்டு வீட்டிலும் வசவு வாங்கி வளர்ந்த கால் அது. யாருடைய கால் என்று எங்களுக்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு வாசல் தெளிப்பதில்லை, கோலம் போடுவதில்லை. கனி வீட்டு வாசல் மட்டும் அதனால் பல் விழுந்த வாய் மாதிரி காய்ந்து கிடந்தது. அந்தப் புழுதியில்தான் காலடிகள் பிடித்திருந்தன. சாக்கடை வரைக்கும் ஆறு அடி போய் அங்கே நின்றுவிட்டன. நின்ற இடத்தில் புழுதி நைந்து கிடந்தது. ஓடப் போகிறவர்கள் துணைக்கு வருகிற ஆளுக்காக நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றிப் போடுவார்களே, அப்படி. கூட வருகிறவர் மூச்சு வாங்கி நின்றால் மாரி அப்படித்தான் குதித்துக்கொண்டு காத்திருப்பாள்.

அவர்கள் வீட்டு நாய் கருப்பட்டிதான் உள்ளே போய், சுவரில் ஆணியில் தொங்கிய வாரைக் கவ்வி இழுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டது.

அந்த வாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போலீஸ் வேலைக்கு ஓட்டப் பரீட்சை உண்டென்று மாரி ஓடிப் பழக ஆரம்பித்தபோது, கண்மாய்க் கரையில் தனியாக ஓடுகிற பெண்ணுக்கு என்னென்ன துணை கிடைக்குமோ அதெல்லாம் கிடைத்தது. அந்தத் துணை வேண்டாமென்று கருப்பட்டியைக் கூட்டிக்கொண்டு போனாள். அப்புறம் வெளிநாட்டில் நாயை இடுப்போடு பூட்டிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று செல்போனில் பார்த்துவிட்டு வந்து, தனக்கும் அப்படி ஒன்று தைத்துத் தரச் சொல்லி அம்மாவின் உயிரை எடுத்தாள். கனி தையல்காரி. பழைய பள்ளிக்கூடப் பைகளின் பட்டைகளைப் பிரித்து நாய்க்கு ஒரு நெஞ்சுப்பட்டையும், மகளுக்கு ஓர் இடுப்பு வாரும் தைத்தாள். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நீளக் கயிறு. நாய் சட்டென்று இழுத்தால் இடுப்பு ஒடியாமலிருக்க, கயிற்றின் நடுவில் சைக்கிள் டியூப்பைக் கொடுத்துத் தைத்தாள். தைக்கும்போது முழுக்கத் திட்டிக்கொண்டே தைத்தாள். திட்டிக்கொண்டே தைத்தாலும் தையல் என்னவோ இரட்டைத் தையல்தான்.

இப்போது அந்த வார் கனியின் இடுப்புக்கு லேசில் எட்டவில்லை. கடைசிக் கண்ணியில் மாட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கருப்பட்டி ஒரு இழுப்பு இழுத்தது. நைட்டியும் மேலே துண்டுமாக நாற்பத்தொன்பது வயதில் கனி தெருவில் ஓடினாள். கருப்பட்டிக்கு முன்னால், மூன்று வீட்டுத் தூரத்தில், யாருமில்லாத புழுதியில், ஒவ்வொரு காலடியாக விழுந்துகொண்டே போனது.

ஐந்தாவது வீட்டில் கனி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எட்டாவது வீட்டு முன்னால் காலடிகள் நின்று, நின்ற இடத்திலேயே குதித்தன.

"நிக்கா மதினி," என்றாள் கனி, அழுகையும் மூச்சுமாக. "எனக்காண்டி நிக்கா."

*

மகள் ஒரு பழைய டைரியில் எழுதிவைத்திருந்தாள், நாயோடு ஓட என்று தலைப்புப் போட்டு. கனி அதை எடுத்துத் தையல் மிஷின் மேல் விரித்துவைத்தாள். முதல் வாரம் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும், தார் ரோடு நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். ஓடுமுன் இரண்டு பேரும் சாப்பிடக் கூடாது. கயிறு கையில் இருக்கக் கூடாது, இடுப்பில்தான் இருக்க வேண்டும். நாய்தான் முன்னால் போகும். அது இழுக்கும்போது நாம் எதிர்த்து இழுக்கக் கூடாது, விட்டுக்கொடுத்துப் பின்னாலேயே போக வேண்டும். முடிந்ததும் அதன் பாதத்தைத் தூக்கி முள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போதெல்லாம் கனி டைரியை மூடிவிடுவாள். நாயின் பாதத்தையே அப்படிப் பார்த்த பிள்ளை.

தெரு இதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் பழகிக்கொள்வதற்கென்று நாங்கள் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. காலடிகள் தெருவின் நடுவில் போனதால், இரண்டு பக்க வீட்டுக்காரிகளும் பாதித் தெரு வரைக்கும் தெளிப்பதை விட்டு ஒரு முழம் குறைத்துத் தெளித்தோம், கோலத்தையும் அந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்டோம், தெருவின் நடுவில் மாரிக்கு ஓர் ஒற்றையடிப் பாதை தன்னால் உண்டாயிற்று. பால்காரர் ஐந்தரையிலிருந்து ஆறு வரை சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வருவார். டீக்கடைக் காசி அண்ணாச்சி பெஞ்சை உள்ளே தள்ளிப் போட்டார். மழை மாதத்தில் காலடிகள் சேற்றில் பதிந்து தண்ணீர் கட்டி நின்றன, அதில் சிட்டுக்குருவிகள் வந்து குடித்தன, நாங்கள் விரட்டவில்லை.

தூரத்தை வீட்டுக் கணக்கில் சொல்லப் பழகினோம். காலையில் ஒருவரையொருவர் பார்த்தால், "இன்னைக்கு எத்தன வீடு?" "ரெண்டரை." "பரவாயில்லையே, நேத்து மூணுல்லா." இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும்.

நகராட்சியிலிருந்து தெருவுக்குச் சிமெண்ட் கல் பதிக்க வந்தார்கள். பதினைந்து வருஷமாகக் கேட்டு வராத ரோடு. இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தோம். கவுன்சிலர் அந்தத் தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ரோடு வேண்டாம்னு எழுதிக் குடுத்த தெருவ நான் பாத்ததே இல்ல. என்ன காரணம்னு போட?"

"பிள்ள ஓடுது, கால் வலிக்கும்னு போடுங்க," என்றார் காசி அண்ணாச்சி.

வெளியூரிலிருந்து ஒருவன் செல்போனோடு வந்து, பேய் ஓடுகிற தெரு இதுதானா என்று விசாரித்தான். பேயெல்லாம் இங்கே இல்லை, கனி மகள்தான் ஓடுகிறாள் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். அவன் படத்தில் ஒரு குண்டுப் பெண்ணும் ஒரு நாயும் கொஞ்சம் புழுதியும் மட்டும் விழுந்ததாம்.

*

கனியிடம் எப்போதும் மாரியின் ஒரு ஜோடி ஷூ இருந்தது. லேஸ்களைச் சேர்த்து முடிந்து தோளில் போட்டுக்கொண்டு ஓடுவாள். மகள் நினைவுக்கு வைத்திருக்கிறாள் என்று தெரு நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆவணி மாதத்தில் ஒருநாள் என் ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தவள், டேப்பை என் தோளிலேயே விட்டுவிட்டுப் பேச ஆரம்பிக்கும் வரை.

மாரியைப் பெண் பார்க்க அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவதாக இருந்தது. ஓடி ஓடிக் கறுத்துப்போய்விட்டாள் என்று கனிக்குக் கவலை. இரண்டு நாளைக்கு மட்டும் ஓடாமலிருந்தால் போதும் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஷூவை எடுத்து, மிஷினுக்கு அடியில் வெட்டுத்துணிப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தாள்.

"தேடுனா மதினி. கட்டிலுக்கு அடியில பாத்தா, கதவுக்குப் பொறத்தால பாத்தா. நான் கண்ண மூடிக் கெடந்தேன். சண்ட போடுவான்னு பாத்தேன். ஒண்ணுஞ் சொல்லல. வெறுங்காலோட நாயக் கூட்டிட்டுப் போயிட்டா. சிரிச்சிக்கிட்டே போனா."

கண்மாய்க் கரையில் மூன்றாவது மடையில் விரியன் கொத்தியது. வலது குதிகால். ஷூ போட்டிருந்தால் பல் இறங்கியிருக்காத இடம். விழுந்தவள் தன் வாரை அவிழ்க்கவில்லை, நாயின் பக்கத்துக் கொக்கியை மட்டும் கழற்றிவிட்டிருக்கிறாள், அது போய் யாரையாவது கூட்டி வரட்டும் என்று. கருப்பட்டி வீட்டுக்குத் தனியாக ஓடிவந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

"அவருக்கும் தெரியாது," என்றாள் கனி. அவர் என்றால் அவள் வீட்டுக்காரர் சீனியப்பன், நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட். "யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாதுல்லா. ஷூ தொலைஞ்சிட்டுன்னு நெனச்சே போயிட்டா. நான் புடிக்கணும் மதினி. புடிச்சி, நான்தான் ஒளிச்சேன்னு சொல்லி, இதக் காலுல மாட்டி விட்டுறணும். அவ்வளவுதான் எனக்கு."

அவளை உட்காரவைத்து, மீதி அளவை நானே எடுத்துத் தாளில் எழுதினேன்.

ஆனால் பிடிப்பது லேசில்லை. தினமும் காலடிகள் வாசலில் தொடங்கி, தெருவைத் தாண்டி, பள்ளிக்கூடக் காம்பவுண்டைச் சுற்றி, கரையேறி, மூன்றாவது மடையில் போய் நின்றுவிடும். மடைக்கு அப்பால் ஒன்றும் இருக்காது. அதற்குள் பிடித்தால்தான் உண்டு. அவள் ஓட ஓட முன்னால் காலடிகளும் ஓடும். அவள் நின்றால் நின்று குதிக்கும். கிட்டத்தில் போனால் விளையாட்டுப் பிள்ளை மாதிரி எட்டி ஓடும். வேகமாக ஓடினால் மட்டும் தூரம் கொஞ்சம் குறையும். இருபத்தேழு வருஷம் தையல் மிஷினை மிதித்த கால் கனிக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு புரட்டாசியில் இரண்டு வீடாக்கினாள், தையில் ஒரு வீடாக்கினாள், வாரைக் கடைசிக் கண்ணியிலிருந்து நான்காம் கண்ணிக்கு மாற்றினாள், பங்குனி பிறந்தபோது கருப்பட்டியின் மூக்குக்கும் கடைசிக் காலடிக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்தது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் ஒவ்வொரு வீட்டுச் சாமி படத்துக்கு முன்னாலும் கனிக்கு ஒரு பூ கூடுதலாக இருந்தது.

"புடிச்சிருவேன் மதினி," என்றாள். "இன்னும் நாள் இருக்கு."

*

நாள் என்பதை ஆளுக்கொரு கணக்கில் வைத்திருக்கிறோம், அதில்தான் நாங்கள் செய்த பாவம் இருந்தது.

கனி தையல்காரி. துணி கொடுக்க வருகிறவர்களுக்குக் காலண்டரைப் பார்த்துத் தேதி சொல்லிச் சொல்லி, அவளுக்கு நாள் என்றால் தேதிதான். மாரி போன தேதி மார்ச் இருபத்தெட்டு. வருஷம் முடிந்தால் வாசல் தெளித்தாக வேண்டும், அதற்கு முன் பிடித்துவிட வேண்டும் என்று டைரியில் வட்டம் போட்டிருந்தாள். தெருவுக்குக் கணக்கு திதி. பஞ்சாங்கத்தில் மாரி செத்த திதி இந்த வருஷம் மார்ச் பதினாறிலேயே வந்துவிட்டது.

சீனியப்பன் அன்று மில்லில் கூடுதல் வேலை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தனியாகக் கடற்கரைக்குப் பஸ் ஏறிப் போய் மகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தார். வந்து என் வீட்டு நடையில் நின்றார், தலை ஈரம்கூடக் காயாமல்.

"வருசம் முடிஞ்சிட்டும்மா. நாளைக்கு விடியமுன்ன நீங்கல்லாம் சேந்து தெளிச்சு, கோலம் போட்டு, வாசலத் தெறந்து விட்டுருங்க. கனிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அவர் சொல்லவில்லை. சொல்லப் போய், அவள் அடுப்பங்கரையில் ஷூவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, வாய் வராமல் வேலைக்குப் போய்விட்டார். அவர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் பேசியிருப்பேன் என்று அவர் நினைத்தார்.

விடியுமுன் ஒன்பது பேர் சேர்ந்தோம். சாணி கரைத்துத் தெளித்தோம். ஒரு வருஷத்துப் புழுதி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. முப்பத்தொரு புள்ளிக் கோலம், காவிக் கரை. எங்கள் வாசல்களில் தெளித்து அவளுக்கு எதுவும் ஆகவில்லையே என்ற தைரியத்தில் செய்தோம். நடுவில் ஒற்றையடிப் பாதை அளவுக்கு இழை இழுக்காமல் வழியும் விட்டிருந்தோம். வருஷம் முடிந்த பிறகாவது பிள்ளை கோலத்துக்கு நடுவில் புறப்பட்டுப் போகட்டும் என்றுதான் ஆசைப்பட்டோம். நல்லது செய்கிறோம் என்று நினைத்து இடுப்பொடியச் செய்தோம்.

ஐந்தரைக்குக் கனி வாரைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். ஈரத்தைப் பார்த்தாள். நாங்கள் விட்டிருந்த வழியைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. கருப்பட்டி மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டது.

"இன்னும் பதினோரு நாள் இருக்கே மதினி," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவள் திட்டியிருக்கலாம். எங்கள் ஒன்பது பேருக்கும் அப்போதுதான் புரிந்தது, மழை ஈரம் வேறு, நாங்கள் தெளித்த ஈரம் வேறு என்று. நான் முந்தானையால் கோலத்தை அழித்தேன். ஒருத்தி கூடை எடுத்துக்கொண்டு ஓடி, தெருமுனையிலிருந்து புழுதி அள்ளிக்கொண்டு வந்து கொட்டினாள். எல்லோரும் அள்ளினோம், அள்ளிக் கொட்டினோம், கையால் நிரவினோம், அழுதுகொண்டே நிரவினோம். புழுதியில் எங்கள் கைத்தடம்தான் இருந்தது.

கனி கருப்பட்டியின் காதுப் பக்கம் குனிந்தாள். "எந்திரி. போவோம். எங்க இருப்பான்னு உனக்குத் தெரியும்லா."

ஓடினாள். முன்னால் பார்த்து ஓட எதுவுமில்லாமல் ஓடினாள். அதற்கு முன் அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஐம்பத்தாறு வயதில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நானும் பின்னால் ஓடினேன். செய்த தப்பு என்னை ஓடவைத்தது.

நான் கரையேறும்போது அவள் மூன்றாவது மடையில் மண்டியிட்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டே இரண்டு காலடிகள். தினமும் கிழக்கே பார்த்துப் போன காலடிகள் அன்று மேற்கே, கனியைப் பார்த்து நின்றன. வாசல் ஈரமானதால் மாரியால் வீட்டிலிருந்து புறப்பட முடியவில்லை. புறப்படாதவள் முன்னால் ஓடவும் முடியாது. விழுந்த இடத்திலேயே இருந்திருக்கிறாள்.

"நான்தான்டி ஒளிச்சு வச்சேன்," என்றாள் கனி. "தொலையல. மிஷினுக்கு அடியிலதான் இருந்துச்சு."

வலது ஷூவை எடுத்து, வாயை அகலப் பிரித்து, தரையோடு பிடித்தாள், பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பிள்ளைக்குப் பிடிப்பது போல. வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஷூ அவள் கையில் கனத்தது. தோள் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன். லேஸைக் கட்டினாள். இரட்டை முடிச்சு. இடது காலுக்கும் அப்படியே. குதிகால் பக்கம் விரலை விட்டு, சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள்.

ஷூக்கள் எழுந்தன. நின்ற இடத்திலேயே இரண்டு தரம் குதித்தன. மடையைத் தாண்டி ஓடத் தொடங்கின.

கருப்பட்டி பாய்ந்தது. கயிறு விறைத்தது, சைக்கிள் டியூப் நீண்டது, கனி இரண்டு எட்டு அதோடு போனாள். மூன்றாவது எட்டில் குனிந்து கையை நீட்டினாள். அவள் இடுப்பு வாரை அவிழ்ப்பாளோ என்று நினைத்தேன். நாயின் பக்கத்துக் கொக்கியைக் கழற்றினாள்.

"போ. அவ கூட இரி," என்றாள்.

ஷூத் தடமும் நாய்த் தடமும் அக்கம்பக்கமாகக் கரை நெடுகப் போயின. கனி கூப்பிடவில்லை. மாரி விழுந்த அன்றைக்குக் கருப்பட்டி தனியாக வந்த வழியிலேயே, இன்றைக்குக் கனி தனியாக நடந்து வந்தாள், கயிறு பின்னால் தரையில் இழுபட.

*

மறுநாள் அவள் வாசலை அவளே தெளித்தாள். சின்னதாக ஒரு கோலம் போட்டாள். ஐந்தரைக்கு வாரைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கயிறு பின்னால் கிடந்தது. முள்ளில் மாட்டுமே என்று நான் அதன் முனையை எடுத்துச் சுருட்டப் போனேன்.

"அது கெடக்கட்டும் மதினி. இத்தன நாளும் அவ முன்னால போனா. இனி நான் போறேன். ரெண்டு பேரும் பின்னால வந்தாங்கன்னா புடிக்க ஒண்ணு வேணும்லா."

டைரியில் இருந்தபடி, முதல் வாரக் கணக்கு. ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. புழுதியில் கயிறு கோடு இழுத்துக்கொண்டே போனது.

தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தாள். தெருவில் எங்களைத் தவிர யாருமில்லை. கனி அங்கேயே நின்று, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றிப் போட்டுக் குதித்துக்கொண்டிருந்தாள்.